விடுமுறையில் அக்கா தம்பி கயோட்டி வேட்டை: டெக்சாஸில் கூப்பிட்டு வரவழைக்கும் முறைக்கு முழு வழிகாட்டி

கயோட்டி என்பது நரி போலிருக்கும் வட அமெரிக்கக் காட்டு விலங்கு, நாய் இனம். அதைத் தேடி நடந்தால் கிடைக்காது. நாம் அதைப் பார்ப்பதற்கு முன்பே அது நம்மைப் பார்த்துவிடும். அதற்கும் முன்பே மோப்பம் பிடித்திருக்கும். அதனால் டெக்சாஸில் அதைத் தேடிப் போகாமல், இருக்கும் இடத்துக்கு வரவழைக்கிறார்கள். மறைவாக உட்கார்ந்து, பிடிபட்ட முயல் அலறுவது போல ஒலி எழுப்புவார்கள். பசியோடு திரியும் கயோட்டிக்கு அது அரை மைல் தள்ளியும் கேட்கும்.

கேட்டு வரும், ஆனால் நேராக வராது. கடைசி நூறு இருநூறு கஜத்தில் வளைந்து, காற்று போகும் பக்கமாகச் சுற்றி, ஒலி வந்த இடத்தின் வாடையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கிட்டே வரும். மனித வாடை பட்டால் அந்த நொடியே திரும்பி ஓடிவிடும். இந்த ஒரு பழக்கம்தான் வேட்டை முழுவதையும் தீர்மானிக்கிறது. முன்பக்கத்தையும் காற்று போகும் பக்கத்தையும் ஒரே ஆள் அசையாமல் பார்த்துக்கொள்ள முடியாது. இரண்டு பேர் வேண்டும். அதுவும் பேசாமலேயே ஒருவர் மனதை மற்றவர் புரிந்துகொள்ளும் இரண்டு பேர். ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது ஏற்கெனவே கைவந்திருக்கிறது. டெக்சாஸில் இந்த வேட்டையைப் பரப்பியதில் முக்கியமான பங்கு மர்ரி பர்னம், வின்ஸ்டன் பர்னம் என்ற சகோதரர்களுடையது. மார்பிள் ஃபால்ஸ் ஊர்க்காரர்கள். அப்பாவிடம் கற்ற வித்தையை வைத்து 1950-களில் ஊதுகுழல் விற்கத் தொடங்கினார்கள்.

இந்த வழிகாட்டி டிசம்பர் கடைசி வாரத்தை மனதில் வைத்து எழுதியது. பல அலுவலகங்கள் கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை மூடியிருக்கும். கூடப்பிறந்தவர் வேறு மாநிலத்திலிருந்தோ ஊரிலிருந்தோ வந்திருப்பார். டாலஸிலிருந்து மேற்கே மூன்று மணி நேரம் ஓட்டினால் அபிலீன். அங்கிருந்து வடக்கே சில்ட்ரெஸ் வரை செம்மண், மெஸ்கீட் புதர், கோதுமை வயல், நடுநடுவே ஓடைப்பள்ளம். நானும் தம்பியும் போவது அந்தப் பக்கம்தான். கீழே சொல்வது அந்த நிலத்துக்கானது.

முதலில் லைசென்ஸ், விசா

டெக்சாஸில் கயோட்டிக்கு வேட்டைப் பருவம் என்று ஒன்று கிடையாது. தனியார் நிலத்தில் வருடம் முழுவதும், பகலிலும் இரவிலும் சுடலாம். எத்தனை என்ற வரம்பும் இல்லை. எலக்ட்ரானிக் ஒலிக்கும் தடையில்லை. ஆனால் வேட்டை லைசென்ஸ் வேண்டும். அது செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை செல்லும். டிசம்பரில் வரும் தம்பி வெளிமாநிலத்தவர் என்றால் அவருக்கு வெளிமாநிலத்தவருக்கான லைசென்ஸ்.

1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைக் கல்விப் பாடம் முடித்திருக்க வேண்டும். 17 வயது ஆனவர்கள் ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். நேரமில்லை என்றால் ஒரு முறை மட்டும் ஒத்திவைப்பு வாங்கலாம். அப்படி வாங்கியவர், பாடம் முடித்து லைசென்ஸும் வைத்திருக்கும் பெரியவர் ஒருவருடன், குரல் கேட்கும் தூரத்தில்தான் வேட்டையாட வேண்டும். உங்களில் ஒருவராவது பாடத்தை முறையாக முடித்திருந்தால் விடுமுறைப் பயணம் தடைப்படாது. இருவரும் முடிப்பதே நல்லது. துப்பாக்கியைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் வருபவருக்கு அந்தச் சில மணி நேரம் வீணாகாது.

நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. எச்-1பி, எஃப்-1, பி-2 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். சொந்தத் துப்பாக்கி இல்லையே, அக்காவுடையதை ஐந்து நிமிடம் பிடித்தேன் என்றெல்லாம் சொல்லித் தப்பிக்க முடியாது. இந்தத் தடைக்கு விதிவிலக்குகள் உண்டு. அதில் நமக்குப் பயன்படுவது, அமெரிக்காவில் வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். அது கையில் இருக்க வேண்டும். ஆகவே ஊரிலிருந்து சுற்றுலா விசாவில் வந்த தம்பிக்கு லைசென்ஸ் வாங்கிய பிறகுதான் துப்பாக்கியைத் தொடக் கொடுக்க வேண்டும், ரேஞ்சில் சுட்டுப் பழகுவதற்கும் அப்படியே. விசாக் காலம் முடிந்து தங்கியிருப்பவருக்கு லைசென்ஸ் இருந்தாலும் அனுமதி இல்லை. கிரீன் கார்டு இருப்பவருக்கு இந்தத் தடை பொருந்தாது. கொஞ்சமும் சந்தேகம் இருந்தால் வக்கீலிடம் கேளுங்கள்; இதில் தவறினால் போவது விசா மட்டுமல்ல. லைசென்ஸ் இல்லாதவர் கூட உட்கார்ந்து பைனாகுலரில் பார்க்கலாம். அந்த வேலையே பாதி வேட்டை.

அமெரிக்காவின் உள்நாட்டு விமானத்தில் துப்பாக்கி கொண்டுவருபவர் தோட்டா இல்லாமல், பூட்டிய கெட்டியான பெட்டியில் வைத்து, செக்-இன் கவுண்டரில் சொல்லித்தான் போட வேண்டும்.

நிலம் கிடைப்பது

டெக்சாஸ் நிலத்தில் 95 சதவீதத்துக்கு மேல் தனியார் கையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் வேலி தாண்டுவது குற்றம். வேலிக்கம்பத்திலோ மரத்திலோ செங்குத்தாக ஊதா வண்ணப் பட்டை தீட்டியிருந்தால் அது உள்ளே வராதே என்ற பலகைக்குச் சமம், சட்டத்திலேயே இருக்கிறது. புதிதாக வருபவர்களுக்கு இது தெரிவதில்லை.

யாரிடம் கேட்பது? ஆடு, கன்றுக்குட்டி வைத்திருப்பவரிடம். ஆடு வளர்ப்பில் அமெரிக்காவிலேயே முதல் மாநிலம் டெக்சாஸ். குட்டி போடும் காலத்தில் ஒரு கயோட்டி ஜோடி பண்ணைக்குள் பழகிவிட்டால் அந்த வீட்டின் வருமானமே ஆட்டம் காணும். பண்ணைச் சாமான் கடை, தீவனக் கடை, தெரிந்தவருக்குத் தெரிந்தவர், இப்படித்தான் வழி கிடைக்கும். நவம்பரிலேயே ஒரு முறை நேரில் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். போகும்போது இருவரும் சேர்ந்தே போங்கள். யாருடன் வருகிறீர்கள் என்று பார்த்துவிட்டால் அவருக்கும் நிம்மதி.

டிசம்பர் கடைசியில் ஒரு சிக்கல் உண்டு. டெக்சாஸின் வடக்கு மண்டலத்தில் மான் வேட்டைப் பருவம் ஜனவரி முதல் ஞாயிறு வரை நடக்கும். பல பண்ணைகளை மான் வேட்டைக்காரர்கள் பணம் கட்டி லீஸ் எடுத்திருப்பார்கள். அவர்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் நாம் போய் முயல் அலறலைப் போட்டால் சண்டைதான் வரும். எந்த மேய்ச்சல் நிலத்தில் யாரும் இல்லை, எந்த நாளில் வரலாம், எந்த கேட்டைத் திறந்தே வைக்க வேண்டும், எதை மூட வேண்டும், காவல் நாய்கள் இருக்கின்றனவா, வீடும் மாடும் எந்தத் திசையில், பக்கத்துக்காரர் யார். இத்தனையும் கேட்டு, குறுஞ்செய்தியாகவும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சிலர் "எல்லாத்தையும் ஒழிச்சுட்டுப் போங்க" என்பார்கள். நம்மால் முடியாது, யாராலும் முடிந்ததில்லை. ஒரு பகுதியில் ஆண்டுதோறும் 75 சதவீதத்தைக் கொன்றாலும் முழுதாக அழிக்க 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று 1975-இல் கலிபோர்னியாவில் செய்த ஒரு கணக்கு காட்டியது. எண்ணிக்கை குறைந்தால் மிச்சமிருப்பவை கூடுதலாகக் குட்டி போடும், வெளியிலிருந்தும் புதியவை வந்து சேரும். நாம் செய்யக்கூடியது, குட்டி போடும் பருவத்துக்கு முன் தொழுவத்தை ஒட்டித் திரியும் ஒன்றிரண்டை எடுப்பது. பண்ணைக்காரரிடம் அதைத்தான் சொல்கிறேன், பொய் வாக்கு கொடுப்பதில்லை.

எந்த நாள், எந்த நேரம்

கயோட்டிகள் ஜனவரி முதல் மார்ச் வரை இணை சேரும். டிசம்பர் கடைசியில் ஜோடிகள் எல்லையைக் காக்கத் தொடங்கியிருக்கும், இந்த ஆண்டுக் குட்டிகள் வீட்டை விட்டு வெளியேறி அலைந்துகொண்டிருக்கும். இரண்டு வகையும் கூப்பிட்டால் வரும், வெவ்வேறு காரணத்துக்கு. அலையும் குட்டிக்குச் சாப்பாடு வேண்டும். ஜோடிக்கு, தன் எல்லைக்குள் யார் ஊளையிடுவது என்று தெரிய வேண்டும்.

வடக்கிலிருந்து குளிர் இறங்கும் நாளை வானிலைச் செயலியில் பாருங்கள். வாடைக்காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் காலை, புல்லில் உறைபனி, மணிக்கு ஐந்து முதல் பத்து மைல் காற்று: இதைவிட நல்ல நாள் கிடையாது. காற்றே இல்லாத நாளில் நம் வாடை நம்மைச் சுற்றியே தேங்கும். இருபது மைலுக்கு மேல் அடித்தால் ஒலி போய்ச் சேராது. வீட்டில் சொந்தக்காரர்களோடு இருங்கள்.

அபிலீன் பக்கம் அந்த வாரம் ஏழரை மணிக்கு மேல்தான் சூரியன் வரும். வெளிச்சம் வந்த முதல் இரண்டு மணி நேரமும், சாயங்காலம் கடைசி இரண்டு மணி நேரமும் சிறந்தவை. இரவு வேட்டை சட்டப்படி சரிதான். ஆனால் புதியவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். இருட்டில் தெரியும் இரண்டு கண்கள் யாருடையவை என்று சொல்ல நிறையப் பழக்கம் வேண்டும்.

சாமான்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் பணத்தையும் நேரத்தையும் இங்கேதான் அதிகம் கரைக்கிறார்கள்.

ரைஃபிள் என்றால் .223 ரெமிங்டன் என்ற தோட்டா வகை போதும். உதை குறைவு, தோட்டா எங்கும் கிடைக்கும். காற்று அதிகமுள்ள திறந்த வெளிக்கு .22-250 அல்லது .243 வின்செஸ்டர். .223-இல் 55 கிரெயின் குண்டை 100 கஜத்தில் சுமார் ஒன்றரை அங்குலம் மேலே விழும்படி ஸ்கோப்பைச் சரி செய்தால் 200 கஜம் வரை குறி பார்த்த இடத்திலேயே விழும். கணக்குப் போட வேண்டாம். அடர்ந்த புதருக்கு 12 கேஜ் ஷாட்கன், 40 கஜத்துக்குள் மட்டும். துப்பாக்கியைத் தாங்க மடக்குக் கால்கள் வாங்குங்கள். கையில் தாங்கிப் பத்து நிமிடம் அசையாமல் உட்கார யாராலும் முடியாது.

முதல் நாள் இருவருக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கி. ஒருவர் சுடுவார், ஒருவர் ஒலியையும் பைனாகுலரையும் பார்ப்பார், ஒவ்வொரு இடத்துக்கும் மாற்றிக்கொள்வார்கள். இரண்டாவது துப்பாக்கி பிறகு வரட்டும். வந்தால், முன்பக்கம் பார்ப்பவரிடம் ரைஃபிள், காற்று போகும் பக்கம் பார்ப்பவரிடம் ஷாட்கன்.

ஒலிக்கு இரண்டு வழி. வாயால் ஊதும் குழலில், அதிர்ந்து ஒலி எழுப்பும் நாக்கு (ரீட்) உள்ளே மூடியிருக்கும் வகை புதியவர்களுக்குச் சுலபம்; ஊதினாலே முயல் அலறும். குளிரில் எச்சில் உறைந்து அடைத்துக்கொள்ளும், அதனால் சட்டைக்கு உள்ளே கயிற்றில் தொங்கவிடுங்கள். இன்னொன்று ரிமோட் வைத்த எலக்ட்ரானிக் காலர் (caller), பதிவான ஒலிகளைப் போடும் ஒலிபெருக்கி. இனி பெட்டி என்கிறேன். இதன் பெரிய லாபம், ஒலி நம்மிடமிருந்து தள்ளி வருவது. கயோட்டி பெட்டியைத்தான் பார்க்கும், நம்மை அல்ல. இரண்டையும் கொண்டு போங்கள், பேட்டரி தீர்ந்தால் குழல் கைகொடுக்கும்.

உடை நிலத்தின் நிறத்தில், சரசரக்காத துணியில் இருக்கட்டும். முகத்துக்கும் கைக்கும் மறைப்பு அவசியம். மான் பருவத்தில் நடந்து போகும்போது தலையில் ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். கயோட்டிக்கு அந்த நிறம் நமக்குத் தெரிவதுபோலத் தெரியாது, மற்ற வேட்டைக்காரருக்கு நன்றாகத் தெரியும். காதுக்கு எலக்ட்ரானிக் காப்பு இருவருக்கும் வேண்டும். பக்கத்தில் இருப்பவர் சுடும்போது காதில் விழும் அடி சுடுபவருக்கு விழுவதைவிட மோசம். நல்ல காப்பு சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கியும் கொடுக்கும். சருகில் கால் படுவது கேட்கும்.

வண்டியில் பேசி முடிக்க வேண்டியவை

உட்கார்ந்த பிறகு பேசக்கூடாது, ஆகவே எல்லாவற்றையும் வண்டியிலேயே பேசிவிடுங்கள். முதலில் சுடுவது யார். எவ்வளவு தூரம் வரை. எவை வந்தால் சுடமாட்டோம். முயல் அலறலுக்குக் கயோட்டி மட்டும் வருவதில்லை. பாப்கேட் என்ற காட்டுப்பூனை வரும், சாம்பல் நரி வரும், கொம்பாந்தை தலைக்கு மேல் பறந்து தொப்பியை உரசும். ஆந்தை, பருந்து எல்லாம் கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. நாங்கள் கயோட்டியைத் தவிர எதையும் சுடுவதில்லை என்று வைத்திருக்கிறோம். பண்ணைக்காரருக்கும் அதுவே பிடித்திருக்கிறது.

அப்புறம் சைகை. முழங்காலில் ஒரு தட்டு என்றால் பார்த்துவிட்டேன். இரண்டு தட்டு என்றால் உன் பக்கம், நீ சுடு. மூடிய கை என்றால் யாரும் சுடக்கூடாது. மூடிய கையை யார் காட்டினாலும், எந்தக் காரணமும் கேட்காமல், சேஃப்டியைப் போட்டுவிட வேண்டும். மூத்தவர் காட்டினால்தான் செல்லும் என்று இருக்கக்கூடாது. சிறுவயதிலிருந்து அக்கா சொன்னால் தம்பி கேட்டுப் பழகியிருப்பான். துப்பாக்கி கையில் இருக்கும்போது அந்த வழக்கம் ஆபத்தானது. தம்பி பக்கத்தில் மாட்டைப் பார்த்திருப்பான், அக்காவுக்குத் தெரிந்திருக்காது.

மூத்தவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கயோட்டி வந்துகொண்டிருக்கும்போது "சுடு, சுடு" என்று காதில் ஓதாதீர்கள். குறி வைத்தவருக்குத்தான் தெரியும் பின்னால் என்ன இருக்கிறது என்று. சுடாமல் விட்டால் ஏன் விட்டாய் என்று கேட்காதீர்கள், வண்டியில்கூட. விட்டது ஒருபோதும் தப்பாகாது.

இடமும் காற்றும்: இருவர் உட்கார்வது எப்படி

வண்டியைப் பள்ளத்திலோ மரங்களுக்குப் பின்னோ நிறுத்துங்கள். கதவை அறையாமல் தள்ளி மூடுங்கள். உட்காரும் இடத்துக்குக் கால் மைலாவது நடக்க வேண்டும், காற்று முகத்திலோ கன்னத்திலோ படும்படி. முதுகில் காற்றுப் பட்டால் நீங்கள் கூப்பிடப் போகும் கயோட்டிக்கு உங்கள் வாடை முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது.

வழியில் முள்வேலி வந்தால், தோட்டாவை வெளியே எடுத்து, துப்பாக்கியின் தோட்டா அறையைத் திறந்து காட்டி, ஒருவர் இரண்டு துப்பாக்கிகளையும் பிடித்துக்கொள்ள மற்றவர் தாண்ட வேண்டும். தாண்டியவர் அவற்றை வாங்கிக்கொண்ட பிறகு இவர் தாண்ட வேண்டும். அவசரம் எதுவும் இல்லை.

இப்போது ஒரு காலை வேளையை எடுத்துக்கொள்வோம். காற்று வடக்கிலிருந்து வருகிறது. நாம் கிழக்கிலிருந்து நடந்து வந்து மேற்கு நோக்கி உட்காருகிறோம். சூரியன் முதுகுக்குப் பின்னால். வரும் கயோட்டியின் கண்ணில் வெயில். வலது கன்னத்தில் காற்று, இடது பக்கம் காற்று போகிறது. பெட்டியை வலது முன்பக்கமாக, அதாவது காற்று வரும் பக்கமாக, நாற்பது ஐம்பது கஜம் தள்ளிப் புல்லடியில் வைக்கிறோம்.

மேற்கேயிருந்து வரும் கயோட்டி பெட்டியை நோக்கிக் கிளம்பும். பாதி வழியில் அதற்குப் பெட்டியின் வாடை வேண்டும். காற்று தெற்கே போகிறது, ஆகவே தெற்குப் பக்கமாக வளையும். பெட்டிக்குத் தெற்கே யார் இருக்கிறார்கள்? நாம்தான். அது வளைந்து வரும் பாதை நம் முன்னால் குறுக்காகப் போகிறது. நம் வாடை விழும் கோட்டை அது தொடுவதற்கு முன் சுட்டுவிட வேண்டும், அதற்காகத்தான் பெட்டியை அந்தப் பக்கம் வைத்தோம்.

வலது பக்கம் உட்கார்பவர் ரிமோட்டை வைத்துக்கொண்டு முன்னும் வலதும் பார்ப்பார். இடது பக்கம் உட்கார்பவருக்கு, இடது முன்பக்கம் தொடங்கிக் காற்று போகும் பக்கம் முழுவதும். வெளியிலிருந்து பார்த்தால் இந்த இடது இருக்கை சும்மா இருக்கும் வேலைபோலத் தெரியும். உண்மையில் பல இடங்களில் வேட்டை அமைவதே அங்கேதான். கூப்பிட்டு அலுத்துப்போன, விவரமான கிழட்டுக் கயோட்டி முன்பக்கம் தலையே காட்டாமல் அகலமாகச் சுற்றி அந்தப் பக்கம்தான் வரும். பொறுமை அதிகம் உள்ளவரை அங்கே உட்கார வையுங்கள். எங்கள் வீட்டில் அது தம்பி.

இடது பக்கம் திறந்த வெளியாக, நூறு கஜமாவது கண் ஓடும்படி இருக்க வேண்டும். அங்கே அடர்ந்த புதர் என்றால் இடத்தை மாற்றுங்கள். நிலம் எவ்வளவு அழகாக இருந்தாலும் காற்று போகும் பக்கம் தெரியாவிட்டால் அது நமக்கு ஆகாது.

இருவரும் ஒரே புதருக்கு முன்னால், முதுகைக் கொடுத்து, கை எட்டும் தூரத்தில். புதருக்குப் பின்னால் ஒளியத் தேவையில்லை. நிழலில் அசையாமல் இருந்தால் போதும். ஆளுக்கு ஒரு பக்கம் தோள் திரும்பியிருக்கும். நடுவில் கண்ணுக்குத் தெரியும் ஒரு அடையாளத்தை, ஒரு வேலிக்கம்பம் அல்லது தனி மெஸ்கீட், எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். வலது பக்கத்தவரின் துப்பாக்கி முனை அந்தக் கம்பத்துக்கு இடதே போகாது, இடது பக்கத்தவருடையது வலதே வராது. கயோட்டி எல்லையைத் தாண்டினால் அது மற்றவருடையது. எவ்வளவு ஆசையாக இருந்தாலும் சரி, விட்டுவிட வேண்டும். தள்ளித் தள்ளி நூறு கஜ இடைவெளியில் உட்காருவது அனுபவசாலிகள் செய்வது; முதல் சில பருவங்களுக்கு வேண்டாம்.

ஒலி வரிசை

உட்கார்ந்ததும் இரண்டு மூன்று நிமிடம் சும்மா இருங்கள். நாம் நடந்த சத்தம் அடங்கி, குருவிகள் மறுபடி பேசத் தொடங்கட்டும்.

முதலில் ஒற்றை ஊளை, ஒன்று அல்லது இரண்டு. நம் ஊர் நரி ஊளையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பழகிய ஒலிதான், இன்னும் நீளமாக, கடைசியில் ஏறி இறங்கும். சண்டைக்கு இழுக்கும் ஊளையைப் போடாதீர்கள், இளசுகள் பயந்து ஓடும். இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். பதில் ஊளை வந்தால் திசை தெரிந்தது, வராவிட்டாலும் கேட்டிருக்கும்.

பிறகு முயல் அலறல், மிக மெதுவாக. புதருக்குள் பக்கத்திலேயே ஒன்று படுத்திருக்கலாம், எடுத்த எடுப்பில் உரக்கப் போட்டால் அது ஓடிவிடும். ஒரு நிமிடம் கழித்துக் கூட்டுங்கள். இரண்டு நிமிடம் ஒலி, ஒரு நிமிடம் அமைதி என்று போகட்டும். பத்தாவது நிமிடம் வாக்கில் ஒலியை மாற்றுங்கள். மான் வேட்டைக்கு வந்தவர்களும் சும்மா இருக்கும்போது முயல் குழலை ஊதியிருப்பார்கள், அதனால் டிசம்பர் கடைசியில் மரங்கொத்தி அலறலோ எலிக் கீச்சோ நன்றாக எடுபடும். கடைசியாகக் கயோட்டிக் குட்டி அடிபட்டுக் கத்தும் ஒலி, ஓரிரு நிமிடம். பசிக்கு வராத ஜோடியும் இதற்கு வரும்.

அதன் பிறகு சத்தமில்லாமல் இருபதாவது நிமிடம் வரை இருங்கள். எழுந்திருக்கலாம் என்று கால் துடிக்கும் இந்த நேரத்தில்தான் இடது பக்கத்துப் புல்லில் இரண்டு காதுகள் தெரியும். எழும் முன் பைனாகுலரால் ஒரு முறை சுற்றிப் பாருங்கள்.

அடுத்த இடம் திறந்த வெளியில் ஒரு மைல் தள்ளி, புதர்க்காட்டில் அரை மைல் போதும்.

வந்துவிட்டது, இனி

வந்துகொண்டிருக்கும்போது ஒலியை மாற்றாதீர்கள். எது இழுத்ததோ அதுவே இழுக்கட்டும். தூரத்தில் நின்று யோசித்தால் ஒலியைக் குறையுங்கள். புறங்கையில் உதட்டை வைத்து உறிஞ்சினால் எலி கத்துவது போலக் கேட்கும், அது பெட்டியைவிட நன்றாக வேலை செய்யும்.

அது எதிரில் மரத்துக்குப் பின் மறையும்போதோ தலையைத் திருப்பும்போதோ மட்டும் துப்பாக்கியை நகர்த்துங்கள். கண்ணால் பார்த்துவிட்டால் எவ்வளவு மறைந்திருந்தாலும் பயனில்லை.

நாயா, கயோட்டியா என்பதை இருவரும் தனித்தனியாக முடிவு செய்யுங்கள். கயோட்டி ஓடும்போது வாலைத் தாழ்த்தி வைத்திருக்கும், நுனி கறுப்பு. காது பெரிது, முகவாய் மெலிந்தது. டெக்சாஸில் 25 முதல் 40 பவுண்டுதான் இருக்கும். குளிர்கால ரோமத்தில் பெரிதாகத் தெரியும். கழுத்துப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டுப் பண்ணைகளில் காவலுக்கு இருக்கும் பெரிய வெள்ளை நாய்களும் இந்த ஒலிக்கு ஓடிவரும். பண்ணைக்காரருக்கு அந்த நாய் வீட்டுப் பிள்ளை. ஒருவருக்குச் சந்தேகம் என்றாலும் மூடிய கை.

ஓடும் கயோட்டியைச் சுடாதீர்கள். நாய் மாதிரி ஒரு முறை வாயால் குரைத்தால் நின்று பார்க்கும், ஓரிரு நொடி கிடைக்கும். பக்கவாட்டில் நின்றால் முன்னங்காலுக்குச் சற்றே பின்னால், உடம்பின் நடு உயரத்தில். நேராகப் பார்த்து நின்றால் நெஞ்சின் நடுவில். தலைக்குக் குறி வைக்க வேண்டாம். பின்னால் மண்மேடு தெரிய வேண்டும். வானம் தெரிந்தால் சுடக்கூடாது.

சுட்டதும் எழாதீர்கள். ரிமோட் வைத்திருப்பவர் உடனே குட்டி அலறலைப் போட வேண்டும், சுட்டவர் அடுத்த தோட்டாவை ஏற்றி அந்த இடத்தையே பார்க்க வேண்டும். டிசம்பரில் ஜோடியாக வருவது சகஜம். இரண்டாவது பெரும்பாலும் காற்று போகும் பக்கத்தில் நிற்கும். ஐந்து நிமிடம் கழித்து, ஒருவர் உட்கார்ந்தபடியே திசை சொல்ல, மற்றவர் நடந்து போய்த் தேட வேண்டும். உட்கார்ந்திருப்பவர் தன் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டுத்தான் கை காட்டுவார். அடிபட்டு ஓடியிருந்தால் அன்றைய மீதி வேட்டையை விட்டுவிட்டு அதைத் தேடுங்கள். வலியோடு விட்டுவிட்டு வருவது கூடாது.

எடுத்த பிறகு

பின்பக்கமிருந்து போய்க் குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள், இமை அசையக்கூடாது. வெறும் கையால் தொடாதீர்கள். தெற்கு டெக்சாஸில் 1988-இல் கயோட்டிகளிடையே வெறிநாய்க்கடி நோய் பரவி, 1995 முதல் மாநிலமே விமானத்திலிருந்து தடுப்பு மருந்து உணவைப் போட்டு அதைக் கட்டுப்படுத்தியது. அந்த வகை இப்போது ஒழிந்தாலும் மற்ற விலங்குகளிடமிருந்து வரும் நோய் இருக்கிறது, சொறிநோயும் தெள்ளும் சர்வசாதாரணம். உடல் குளிரும்போது தெள்ளுகள் இறங்கி வரும்; பிளாஸ்டிக் பையில் போட்டு வண்டியின் பின்பக்கம் வையுங்கள், குழந்தைகளின் இருக்கைப் பக்கம் வேண்டாம். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

தோல் உரிக்க நினைத்தால் டிசம்பர் கடைசி நல்ல காலம், ரோமம் நிறைந்திருக்கும். விற்றுப் பணம் பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம். ஜாக்கெட் தொப்பிக்குக் கயோட்டி ரோமம் வாங்கிய கனடா கூஸ் நிறுவனம் 2021-இல் ரோமத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. டெக்சாஸ் தோல் வடக்கத்தித் தோலைப்போல அடர்த்தியாகவும் இருக்காது. பதனிட்டுக் கொடுக்கும் கடைக்கு அனுப்பிச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். ஊருக்குத் திரும்பும் தம்பியின் பயணப் பெட்டியில் மட்டும் தோல், பல் எதையும் வைக்காதீர்கள். இந்தியாவில் வனவிலங்குச் சட்டம் கடுமையானது, சுங்கத்தில் பதில் சொல்ல முடியாது. தோல் வேண்டாம் என்றால் உடலை எங்கே போடுவது என்று பண்ணைக்காரரிடமே கேளுங்கள். சாலையோரத்திலோ வேலிக்கம்பத்திலோ போட்டுவிட்டு வராதீர்கள்.

அன்றிரவே பண்ணைக்காரருக்குச் செய்தி அனுப்புங்கள்: எந்த நிலத்தில் உட்கார்ந்தோம், என்ன வந்தது, எந்த கேட்டை மூடினோம், வேலி எங்கே அறுந்திருக்கிறது. அந்த விவரத்தையே காற்றின் திசையோடும் போட்ட ஒலிகளோடும் உங்கள் நோட்டிலும் எழுதுங்கள். முயல் அலறலைக் கேட்டு வந்து தப்பிப்போன கயோட்டி அதை மறக்காது. அதே நிலத்துக்குப் பிப்ரவரியில் போனால் வேறு ஒலி, வேறு புதர், ஊளை மட்டும்.